வெங்காயத்துக்குக் கீழே இரண்டு வரி

கோப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பழைய மின்னஞ்சல்களை எப்படிப் பிரித்து வைப்பது, எதை எத்தனை காலம் வைத்திருப்பது, எதை அழிப்பது என்று எளிமையாக எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். இரண்டு பக்கம் போதும், படம் இருந்தால் நல்லது என்றார். எனக்குப் படம் வராது. கணினியிலும் நான் பெரிய ஆள் இல்லை. கடவுச்சொல்லை மறக்காமலிருக்க ஒரு தாளில் எழுதி வைத்து, அந்தத் தாளைப் பத்திரமாக எங்கேயோ வைத்து, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் பிறருடைய காகிதங்களைக் காப்பாற்றியவனின் லட்சணம் இது.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம் வந்த தாள்.

அப்போது நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலக்ஸ் இயக்குபவனாக இருந்தேன். ஜாலான் புசார் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாவது மாடி. கீழே இரும்புச் சாமான் கடை. கப்பல் வந்தால் அதற்கு உருளைக்கிழங்கு வாங்கித் தருவதிலிருந்து மாலுமியின் சொத்தைப் பல்லுக்கு வைத்தியர் பிடிப்பது வரை எங்கள் தொழில். சின்னப் பழுதுகளைச் சரிசெய்ய எங்களுக்கென்று ஒரு ரிப்பேர் கூட்டமும் இருந்தது. டெலக்ஸ் என்பதை உங்கள் மின்னஞ்சலுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒருவர் தட்டுவதை இங்கே ஓர் இரும்பு இயந்திரம் தானாகவே காகிதத்தில் அடித்துத் தள்ளும். அடிக்கும்போது மேசை ஆடும், மேசைமேல் தேநீர் ஆடும், நாளடைவில் இயக்குபவனும் ஆடுவான்.

காகிதம் மூன்று அடுக்கு. வெள்ளைத் தாள் கோப்புக்கு. இளஞ்சிவப்பு, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு. மூன்றாவதான மஞ்சள் நகல் வெட்டப்படாமல் தனியே சுருண்டு இயந்திரத்தின் பின்னால் போய்க்கொண்டிருக்கும். எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்த மலாய்ப் பெண்மணி அந்த மஞ்சள் சுருளை மாதத்துக்கு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் மாதத்தை எழுதி, மேசைக்கடியில் அடுக்கி வைத்திருந்தார். வேறு பிரிவுக்கு மாறிப் போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஜாங்கான் போத்தோங், மணி." வெட்டாதே. ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதற்கும் உதவாத டின்கள் முழங்காலை இடிக்கின்றனவே என்று நொந்துகொண்டு, சோம்பேறித்தனத்தால் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தேன். என் வாழ்க்கையின் உருப்படியான காரியங்களில் பாதி சோம்பேறித்தனத்தால் நடந்தவை.

வெள்ளைத் தாளுக்கு நானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. முதல் வரியைப் பார்ப்பேன். சரக்கு என்றால் சரக்குக் கோப்பு, பழுது என்றால் கப்பலின் சொந்தக் கோப்பு, காய்கறி என்றால் சாப்பாட்டுக் கோப்பு. ஒரு தாளுக்கு மூன்று விநாடி. சரக்கும் பழுதும் வருடக் கணக்கில் நிற்கும். சாப்பாட்டுக் கோப்புக்கு ஆயுள் ஆறு மாதம், யாரும் பழைய முட்டைக்கோசைப் பற்றி வழக்குப் போடுவதில்லை என்பதால்.

நீங்களும் கடிதத்தின் தலைப்பைப் பார்த்துத்தானே பெட்டி பிரிக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

டெலக்ஸுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். ஆகவே கப்பல் கேப்டன்கள் மூன்று நாள் சமாச்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே செய்தியில் அடைத்து அனுப்புவார்கள். அந்தச் சனிக்கிழமை வந்ததும் அப்படிப்பட்டது. திங்கட்கிழமை வெளித்துறையில் நங்கூரம் போடப்போகும் ஒரு பழைய எண்ணெய்க் கப்பல். முதல் வரி உருளைக்கிழங்கு. அப்புறம் கோழி, முட்டை, கரப்பான் பூச்சி மருந்து, வெங்காயம். வெங்காயம் வரை படித்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு மதியக் காட்சி. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு நண்பன் தியேட்டர் வாசலில் நிற்பான். முத்திரை குத்தினேன். இளஞ்சிவப்பைச் சாப்பாட்டுப் பிரிவுத் தட்டில் போட்டேன். அங்கிருந்தவருக்கும் வெங்காயம் வரைதான் வேலை. வெள்ளையைக் கிளிப் போட்டுச் சாப்பாட்டுக் கோப்பில் வைத்துவிட்டு ஓடினேன்.

வெங்காயத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. மூன்றாம் எண் தொட்டி சுத்தமாகிவிட்டதென்று முன்பு சொன்னது தவறு, மறுபடி வாயு சேர்ந்திருக்கிறது. சோதனை செய்யாமல் ஆளை இறக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலை அந்தத் தொட்டிக்குள் குழாய் மாற்ற எங்கள் ரிப்பேர் கூட்டம் படகில் போனது. ஃபோர்மேன் அந்தோணி. மார்சிலிங்கில் வீடு, ஞாயிறு தவறாமல் கோவில், வாரத்தில் மற்ற ஆறு நாளும் என்னைக் கிண்டல் செய்வதே தொழில். படகு கிளம்புவதற்கு முன் அவர் படகுத்துறையிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவார். கப்பலின் கோப்பை விரித்து அதில் உள்ளதை நான் வாசித்துக் காட்டுவேன். அன்றும் வாசித்தேன். தொட்டிகள் எல்லாம் சுத்தம், ஆள் இறங்கலாம் என்ற பழைய செய்தி கோப்பில் இருந்தது. அதை வாசித்தேன்.

"அவ்வளவுதானா, எழுத்தாளரே?" என்றார் அந்தோணி.

"அவ்வளவுதான்."

செய்திதான் போய்விட்டதே, சோதித்துவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். முதலில் இறங்கியது பீட்டர். அந்தோணியின் மச்சான், அவர் மனைவி ரோசலினின் ஒரே தம்பி. பாதி ஏணியில் கை விட்டுப் போயிற்று. அந்தோணி பின்னாலேயே இறங்கப் பார்த்திருக்கிறார், நான்கு பேர் பிடித்து இழுத்து மேல்தளத்தில் அவர்மேல் உட்கார்ந்துகொண்டார்களாம். மூச்சுக் கருவி மாட்டியவர்கள் வந்து பீட்டரை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிற்பகல் அந்தோணி அலுவலகத்துக்கு வந்தார். சட்டையில் எண்ணெய். ஒரு கையில் பீட்டரின் செருப்பு, எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"மணி, கேப்டன் சொல்றான், சனிக்கிழமையே டெலக்ஸ் அடிச்சானாம். இறங்க வேணாம்னு. வந்துச்சா?"

கப்பலின் கோப்பைப் புரட்டினேன். இரண்டு முறை புரட்டினேன்.

"வரல அந்தோணி."

பொய் சொல்லவில்லை. என் முறைப்படி தேடினேன், என் முறைப்படி அது வரவில்லை. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தவறாகப் பிரித்து வைத்தவன் தேடும்போதும் அதே தவறைத்தான் செய்வான், அதுவும் முழு நம்பிக்கையோடு.

விசாரணை தொடங்கியது. கப்பல்காரர்கள் தாங்கள் அனுப்பிய செய்தியின் நகலைக் காட்டினார்கள். அதை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாமே என்றார் எங்கள் வக்கீல். நான் சாட்சி சொன்னேன்: வந்ததையெல்லாம் ஃபோர்மேனுக்கு வாசித்தேன். மேசைக்கடியில் கிடந்த மஞ்சள் சுருளை விரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எங்கள் மேலாளர் நடராஜன் அதற்குமேல் ஒரு படி போனார். "அப்படி ஒன்று வந்திருந்தால் ஃபோர்மேனிடம் போயிருக்கும். எங்கள் அலுவலகத்தில் செய்தி நிற்காது" என்றார். கேட்க எவ்வளவு அடக்கமான வாக்கியம்! அதன் பொருள், அந்தோணிக்குத் தெரியும் என்பதுதான்.

கோவில் முற்றத்தில் அந்த வாக்கியம் ஒரு வாரத்தில் வேறு உருவம் எடுத்தது. தெரிந்தே மச்சானை இறக்கிவிட்டான். வேலை தாமதமானால் முதலாளி திட்டுவானென்று இறக்கிவிட்டான். ரோசலின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்தோணியின் ஃபோர்மேன் பதவியை எடுத்துவிட்டு, அவரைக் கிடங்கில் கயிறு சுற்றும் வேலைக்கு அனுப்பினார்கள். மதியம் சிராங்கூன் ரோட்டில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் போய் உட்காருவேன். கிண்டல் நின்றுபோயிருந்தது.

"நீ வாசிச்சப்ப நான் ஏதாச்சும் காதுல வாங்காம விட்டுட்டேனா?" என்று ஒருநாள் கேட்டார். "படகுத்துறையில சத்தம் ஜாஸ்தி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ஒருவேளை நீ சொல்லி, நான்தான் கேக்கலயோன்னு."

"இல்ல அந்தோணி. வரவே இல்ல."

சீனப் புத்தாண்டு வந்தது. பழைய குப்பையோடு புது வருடத்துக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் சீன முதலாளியின் கண்டிப்பு. ஆயுள் முடிந்த கோப்புகளைச் சாக்கில் கட்டி, பழைய காகிதம் எடுக்கும் காராங் கூனிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கிளிப்புகளை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும், அவை மறுபடி உதவுமாம். ஆகவே சாப்பாட்டுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகக் கிளிப் கழற்றினேன். ஒரு கிளிப் முரண்டு பிடித்தது. துரு. தாளைத் திருப்பிப் பிடித்து நெம்பியபோது அதன் அடிப்பகுதி கண்ணுக்கு நேரே வந்தது.

கிளிப்பைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்தத் தாளைப் படித்தேன் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் அறைக்குப் போனேன். நடராஜன் இரண்டு முறை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது எந்த ஃபைல்ல இருந்துச்சு?"

"சாப்பாட்டு ஃபைல் சார்."

"அதுக்கு எத்தன மாசம்?"

"ஆறு."

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்புறம் என்கிட்ட ஏன் கொண்டு வர்ற?" குரலை உயர்த்தவே இல்லை. "மணி, விசாரணையில நீ என்ன சொன்ன? வந்ததெல்லாம் வாசிச்சேன்னு சொன்ன. இந்தத் தாள்ல யாரு முத்திர இருக்கு? என் கையெழுத்து எங்கயாச்சும் இருக்கா பாரு. செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. ரூல் என்ன சொல்லுதோ அதச் செய்."

தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கெட்டிக்காரர். கிழித்துப் போடு என்று அவர் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

என் மேசைக்கு வந்தேன். மேசைக்கும் சாக்குக்கும் நடுவில் நான்கு அடி. அந்த நான்கு அடியில் நான் நினைத்ததை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். மனசாட்சியோடு போராடினேன் என்றெல்லாம் சொன்னால் நன்றாக இருக்கும். நான் நினைத்தது இதுதான்: பொய்ச் சாட்சிக்கு ஜெயிலா, வேலை மட்டும் போகுமா? அத்தோடு இன்னொன்று. மஞ்சள் சுருள் டின்னில் இருக்கிறதே, இது போனால் என்ன, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே. கோழைக்கு ஒரு நகல் கையில் இருந்தால் எவ்வளவு நிம்மதி!

சாக்கில் போட்டேன். காராங் கூனிக்காரர் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர்கள், வறுத்த கடலையைப் பழைய காகிதத்தில் கூம்பு சுற்றித்தான் தருவார்கள். பள்ளிக்கூடக் கணக்கு, அலுவலகக் கடிதம், எது கிடைத்தாலும். அதன் பிறகு நான் எங்கே கடலை வாங்கினாலும் முதலில் கூம்பைப் பிரித்து, கடலையைக் கையில் கொட்டிக்கொண்டு, காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காதவனுக்குப் பிற்காலத்தில் வாய்த்த வாசிப்புப் பழக்கம்.

புத்தாண்டு முடிந்து இரண்டாவது வாரம் முடிவு வந்தது. ஃபோர்மேனின் கவனக்குறைவு. அந்தோணி கிடங்கு வேலையையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சிராங்கூன் ரோட்டுக் கடைக்குப் போவதை நானும் விட்டுவிட்டேன். டின் காலடியில் இருந்தது. முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் ரோசலின் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மணி அண்ணே, ஃபாதர் சொல்றாரு, அவர மன்னிச்சு ஏத்துக்கோன்னு. எதை மன்னிக்கிறதுன்னு தெரிஞ்சாதானே அண்ணே மன்னிக்க முடியும்? எங்க அம்மா தெரிஞ்சேதான் இறக்குனான்னு சொல்றாங்க. அவரு சத்தியம் பண்றாரு. நான் யாரத்தான் கேக்கறது? நீங்க மெஷின்ல இருக்கற ஆளு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கப்பல்லேர்ந்து அந்த மெசேஜ் வந்துச்சா? வந்து, அவருக்குத் தெரிஞ்சும் என் தம்பிய அனுப்புனாரா? தெரியும்னா இனிமே அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். தெரியாதுன்னா இன்னிக்கே போறேன். பிள்ளைங்க கேக்குதுங்க அண்ணே."

நடராஜன் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

குனிந்து டின்னை எடுத்தேன். சுருளைத் தரையில் விரித்துக்கொண்டே போனேன். வெள்ளிக்கிழமை கடந்தது. சனிக்கிழமை காலை, சரக்கு, சரக்கு, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அப்புறம் உருளைக்கிழங்கு. ரோசலின் மண்டியிட்டு விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். வெங்காயத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வேடிக்கை பண்ணுகிறேனோ என்று. அப்புறம் கீழே படித்தார்.

மஞ்சள் நகலில் முத்திரை இருக்காது. அதை யார் வாங்கியது, யார் எங்கே வைத்தது என்று எந்தத் தடயமும் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால், யாரோ ஒரு குமாஸ்தா என்றே போயிருக்கும்.

"இது அவர்கிட்ட போகல" என்றேன். "நான்தான் வாங்கினேன். முழுசா படிக்கல. சாப்பாட்டு ஃபைல்ல போட்டுட்டேன். புத்தாண்டுக்கு முன்னாடி அந்தத் தாள் என் கைக்குக் கிடச்சுது. அப்பவும் சொல்லல. சாக்குல போட்டுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் சுருளின் அந்த இடத்தைத் தொட்டார்.

"இத வெட்டிக் குடுப்பீங்களா?"

கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அந்த மலாய்ப் பெண்மணி சொல்லாமல் விட்ட காரணம் புரிந்தது. வெட்டிய துண்டு வெறும் துண்டு, எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லிவிடுவார். முன்னாலும் பின்னாலும் மற்றவர்களுடைய சரக்கும் பிறந்தநாளும் ஒட்டியிருந்தால்தான் அது அன்றைக்கு, அந்த நிமிடத்தில் வந்தது என்று நிற்கும். நீங்களும் ஒரு கடிதத்தைக் காப்பாற்றுவதாக இருந்தால், அதற்கு முன்னால் வந்ததையும் பின்னால் போனதையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

"வெட்டக் கூடாது. டின்னோட எடுத்துக்குங்க."

"நீங்களும் வாங்க. இத நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

நடராஜன் வாசலில் வந்து நின்றார். "மணி, ஆபீஸ் சாமான் வெளிய போகக் கூடாது" என்றார். ரோசலின் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "என் தம்பி போயிட்டான் சார்" என்றார். நடராஜன் வழிவிட்டார்.

மார்சிலிங்குக்கு நீண்ட பேருந்துப் பயணம். டின் ரோசலின் மடியில் இருந்தது.

கதவைத் திறந்த அந்தோணி பனியனோடு நின்றார். ரோசலினைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னை அப்புறம்தான் பார்த்தார். கூடத்தில், மாதா படத்துக்கு அடியிலிருந்து சமையலறை வாசல் வரை மஞ்சள் சுருள் விரிந்தது. அந்தோணி தரையில் உட்கார்ந்து படித்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சாக்கு வரைக்கும். பாதியில் ரோசலின் சமையலறைக்குள் போய் அரிசிப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு வேண்டிய பதில் அதுதான். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்தோணி இன்னும் குனிந்தே இருந்தார். செய்தியின் தலையில் நேரம் அடித்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாப்பத்தொண்ணு" என்றார். "சனிக்கிழமை."

"ஆமா."

"அன்னிக்குத்தானே நாம படத்துக்குப் போனோம்?"

டிக்கெட் வாங்கிக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்ற நண்பன் அவர்தான். மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒரே கூம்பிலிருந்து கடலை தின்றோம்.

"நீ ஓடி வந்தே" என்றார் அந்தோணி. குரலில் கோபம் இல்லை, வேறு எதுவுமே இல்லை. "மூச்சு வாங்கிச்சு ஒனக்கு. நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஏன்டா ஓடி வர்றே, வெளம்பரம் முடியவே பத்து நிமிசம் ஆகும் லா, மெதுவா வந்திருக்கலாமேன்னு."

மறுநாள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வேலை போனது. சட்டம் எனக்குக் கொடுத்த தண்டனை நான் பயந்ததைவிடச் சிறியது, கிடைத்திருக்க வேண்டியதைவிடவும் சிறியது. அந்தோணியின் பெயரிலிருந்து கவனக்குறைவு என்ற வரியை எடுத்தார்கள். அவர் மறுபடி ஃபோர்மேன் ஆகவில்லை, கேட்கவும் இல்லை. நடராஜன் ஓய்வுபெறும் வரை அதே அறையில் இருந்தார். இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறொரு நிறுவனத்தில் கோப்பு வேலை கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன், தெரிந்தேதான் எடுத்தார்கள். இவன் இனி எதையும் தூக்கிப் போட மாட்டான் என்று நினைத்திருக்கலாம். அந்தோணி என்னோடு அதன் பிறகு பேசவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார்.

ஆகவே உங்கள் மேலாளர் கேட்ட எளிய விதி இதுதான். பெட்டியில் ஒரு கடிதம் வரும். தலைப்பு உருளைக்கிழங்காக இருக்கும். அன்று சனிக்கிழமையாக இருக்கும், யாராவது உங்களுக்காக எங்கேயாவது டிக்கெட்டோடு நின்றுகொண்டிருப்பார்கள். கடைசி வரி வரை படியுங்கள். விளம்பரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.